விளையாட்டின் கணக்கும் வயிற்றின் கணக்கும்

கற்பிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட எதனையும் இருவகையால் ஆராய்தல் வேண்டும். அது கற்பிக்கும் பொருள் சரியானதா என்பது ஒன்று. கற்பிக்கும் முறையே, நாம் கருதாத வேறொன்றையும் உடன் கற்பித்துவிடுகிறதா என்பது மற்றொன்று. நீதி நூல்களை இவ்விரு வகையாலும் நோக்கிப் பழகியவர்கள் தமிழாசிரியர்கள். அப்பழக்கத்தை இன்று ஒரு புதிய வகை நீதி நூலின்மேல் செலுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. பிள்ளைகளுக்கு நல்லுணவுப் பழக்கத்தைக் கற்பிக்க எழுந்த வீடியோ விளையாட்டுகளையே ஈண்டுக் குறிக்கிறோம்.

இவ்விளையாட்டுகள் பயனற்றவை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உளர். இனிப் பாடநூலும் அறிவுரையும் வேண்டா, விளையாட்டே போதும் என்று புகழ்வோரும் உளர். இரு சாராரும் ஒன்றை நோக்கினாரல்லர். ஒரு விளையாட்டு எதனை அளக்கிறது, எதற்குப் பரிசு தருகிறது என்பதிலேதான் அதன் உண்மையான நீதி அடங்கியுள்ளது. திரையில் தோன்றும் அறிவுரை எதுவாயினும், பிள்ளை கற்பது பரிசு பெறும் செயலையே. இக்கட்டுரை அந்த அளவுகோலைக் கொண்டு சில விளையாட்டுகளை ஆராய முற்படுகிறது.

புக்கிட் மேராவின் புள்ளிகள்

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகம், நகரத் திட்ட எல்லையின்படி, புக்கிட் மேரா வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே செகண்ட் ஹாஸ்பிட்டல் அவென்யூவில் அமைந்துள்ளது சுகாதார மேம்பாட்டு வாரியம். 2001 ஆம் ஆண்டில் தோன்றிய இவ்வாரியமே, நம் நாட்டு மக்கள் என்ன உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு வழிகாட்டி வருகிறது. அது முன்னர் நடத்திய ‘ஹெல்த்ஸோன்’ என்னும் காட்சிக்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் தொட்டும் இயக்கியும் உடல்நலச் செய்திகளைக் கற்றனர். 2014 இல் அது வெளியிட்ட ‘மை ஹெல்தி பிளேட்’ என்னும் தட்டுப் படம் ஆசிரியர் பலரும் அறிந்தது. தட்டில் பாதி காயும் கனியும், கால் பங்கு முழுத் தானியம், கால் பங்கு இறைச்சி, மீன், பருப்பு முதலியன என்பது அப்படத்தின் செய்தி.

படத்தோடு நில்லாமல் வாரியம் விளையாட்டின் பக்கமும் திரும்பிற்று. 2015 இல் தொடங்கிய ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ இயக்கம் காலடிகளை எண்ணிப் பரிசு வழங்கிற்று. ‘ஹெல்தி 365’ செயலி, நடையோடு அமையாது, நலமிக்க உணவும் பானமும் வாங்குவோர்க்கும் புள்ளிகள் தந்தது. புள்ளிகள் பற்றுச்சீட்டுகளாக மாறின. 2020 இல் ஆப்பிள் நிறுவனத்தோடு கூடி அரசு தொடங்கிய ‘லூமிஹெல்த்’ திட்டம் விண்வெளிப் பயணக் கதை ஒன்றையே நலவாழ்வுக்கு வாகனமாக்கிற்று. இவை பெரியோரை நோக்கி அமைந்தவை. எனினும், எண்ணுக, புள்ளி பெறுக, பரிசு கொள்க என்னும் அமைப்பால் இவை விளையாட்டின் இனத்தைச் சேர்ந்தவையே. பெற்றோர் கையில் புள்ளி விளையாட்டு இருக்கும்போது, பிள்ளைகளுக்கும் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எழுதல் இயல்பு.

தமிழர்க்கு இஃது அயலார் செய்தியன்று. 2010 ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில், நீரிழிவுடையோர் சீனரிடையே 9.7 விழுக்காடு, மலாய்க்காரரிடையே 16.6 விழுக்காடு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு எனக் கண்டனர். 2016 இல் அரசு நீரிழிவின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. நம் பிள்ளைகளுக்கு உண்ணக் கற்பித்தல் அப்போரின் ஒரு பகுதி. அதற்கு விளையாட்டைக் கருவியாகக் கொள்வதாயின், கருவியை ஆராயாமல் கையில் கொடுத்தல் ஆகாது.

நான்கு விளையாட்டுகள்

இத்துறையில் உலகம் அறிந்த முயற்சிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுந்தவை. அவற்றுள் நான்கினைக் கொள்வோம்.

1992 இல் வெளிவந்த ‘கேப்டன் நோவோலின்’ மிகப் பழையது. நீரிழிவுடைய வீரன் ஒருவன் அதன் தலைவன். தின்பண்ட வடிவில் வரும் பகைவரைத் தப்பி அவன் முன்னேற வேண்டும். நோயுள்ள பிள்ளையையும் வீரனாக்கியது பாராட்டத்தக்கது. ஆனால் உணவையே பகையாக்கியது அதன் குறை. தீபாவளியன்று தட்டில் வரும் அதிரசமும் முறுக்கும் அப்பிள்ளைக்கு என்னவாகத் தோன்றும்? அளவோடு உண்ண வேண்டிய பண்டத்தைக் கண்டு அஞ்சவும் ஓடவும் கற்பித்தால், அஞ்சாத நாளில் அளவின்றி உண்ணவே அவன் கற்றிருப்பான். அச்சம் அளவைக் கற்பிப்பதில்லை.

1995 இல் அதே நிறுவனம் செய்த ‘பேக்கி அண்ட் மார்லன்’ இதனினும் மேம்பட்டது. நீரிழிவுடைய இரண்டு யானைக் குட்டிகள் முகாமுக்குச் செல்கின்றன. விளையாடும் பிள்ளை அவற்றிற்கு உணவைத் தேர்ந்து, இன்சுலின் அளவை முடிவு செய்து, இரத்தச் சர்க்கரையைச் சீராக வைத்திருக்க வேண்டும். 8 முதல் 16 வயது வரையுள்ள, நீரிழிவுடைய பிள்ளைகள் 59 பேரைக் கொண்டு ஆறு திங்கள் நடந்த ஓர் ஆய்வு 1997 இல் வெளிவந்தது. இவ்விளையாட்டைப் பெற்ற பிள்ளைகள் நோய் முற்றி அவசரமாக மருத்துவரை நாடியது 77 விழுக்காடு குறைந்தது என்று அது தெரிவித்தது. சிறிய ஆய்வே; ஆயினும் கருதத்தக்கது.

2003 இல் ஆய்வு முடிவு வெளிவந்த ‘ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்’ ஹூஸ்டன் நகரிலுள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் டாம் பரனாவ்ஸ்கி என்பாரும் துணைவரும் ஆக்கியது. காய்கனிப் பயிர்களை அழிக்க வரும் பகைவரிடமிருந்து ஒரு நாட்டைக் காக்க, பிள்ளை வீரப் பயிற்சி பெறுகிறான். திரையிலேயே ஒரு சமையலறை உண்டு. அங்கே உணவு சமைக்கக் கற்கிறான். காயும் கனியும் வேண்டும் என்று வீட்டில் கேட்கும் முறையையும் கற்கிறான். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 1,578 பேர், 26 பள்ளிகளில் ஆய்வுக்கு உட்பட்டனர். விளையாடியவர் மற்றவரைவிட நாளொன்றுக்கு ஒரு பங்கு காய், கனி, பழச்சாறு மிகுதியாக உண்டனர் என்பது முடிவு.

நான்காவது ‘எஸ்கேப் ஃப்ரம் டையாப்’. ‘டையாப்’ என்னும் கொடுநகரில் சிக்கிய சிறுவன் ஒருவன், ‘ஈட்டீஸ்’ என்னும் மன்னனின் ஆட்சியிலிருந்து நண்பரோடு தப்ப முயல்கிறான். நகரின் பெயரையும் மன்னனின் பெயரையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் நீரிழிவு நோயின் பெயர் வரும். அறிவுரையைப் பெயரிலேயே ஒட்டிவைக்கும் இவ்வுருவகம் நுட்பமானதன்று. இதனையும் ‘நானோஸ்வார்ம்’ என்னும் மற்றொன்றையும் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 153 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2011 இல் முடிவு வெளியிட்டனர். காய்கனி உண்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 பங்கு மிகுந்தது. நீர் அருந்துதல், உடலியக்கம், உடலமைப்பு ஆகியவற்றில் மாற்றம் காணப்படவில்லை.

பொருந்திய கணக்கும் பொருந்தாத கணக்கும்

இந்நான்கினையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். யானைக் குட்டிகளின் விளையாட்டில் திரையில் ஏறி இறங்கும் எண்ணும், விளையாடும் பிள்ளையின் உடலில் ஏறி இறங்கும் எண்ணும் ஒன்றே. அவன் நாள்தோறும் விரலில் ஊசி குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவையே விளையாட்டும் கேட்கிறது. விளையாட்டை மூடிய பின்னும் அக்கணக்கு அவனிடமே இருக்கிறது. ஏனைய விளையாட்டுகளில் கணக்கு வேறு. அங்கே வெற்றி என்பது வீரப் பட்டமும் பகைவரின் தோல்வியுமாம். அவை திரையோடு பிறந்து திரையோடு மறைவன.

‘ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்’ பெற்ற ஒரு பங்கு மிகுதியையும் நாம் உரைத்துப் பார்த்தல் வேண்டும். அது பிள்ளைகள் தாமே நினைவுகூர்ந்து சொன்ன கணக்கு. அதில் பழச்சாறும் சேர்ந்துள்ளது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கு ‘நியூட்ரி கிரேட்’ என்னும் ஏ, பி, சி, டி எழுத்து முறை நடப்பிலுள்ளது. டி பெற்ற பானத்துக்கு விளம்பரம் செய்யத் தடையுண்டு. சர்க்கரை கலவாத தனிப்பழச்சாறும், தன் இயல்பான சர்க்கரையின் அளவுக்கேற்ப, இம்முறையில் எழுத்துப் பெறும். அமெரிக்க விளையாட்டில் வெற்றி தேடித் தந்த அதே குவளை இங்கே கீழெழுத்துப் பெறக்கூடும். விளையாட்டில் பதித்த அளவுகோல் பழையதாகிவிட்டால், பிள்ளை மனத்தில் பதிந்ததும் பழையதாகவே நின்றுவிடும்.

வள்ளுவர் வகுத்த அளவு

திருக்குறளின் 95 ஆம் அதிகாரம் மருந்து. தலைப்பைக் கண்டு மூலிகைகளை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பத்துக் குறட்பாக்களில் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உணவைப் பற்றியனவே. அந்த ஆறிலும் எந்தக் காயின் பெயரும் இல்லை. கனியின் பெயரும் இல்லை. முன் உண்டது அற்றதா என்று தெளிதல், அளவறிதல், நன்கு பசித்த பின் உடலோடு மாறுபடாததைக் கொள்ளுதல் ஆகியனவே பேசப்படுகின்றன. அங்கே மீண்டும் மீண்டும் வருவது அறிதல் என்னும் வினை. அறிபவன் உண்பவனே; அவனுக்காகப் பிறர் அறிந்து சொல்வதாக அங்கே இல்லை. அளவுகோல் அவன் வயிற்றிலேயே இருக்கிறது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். வள்ளுவர் காலத்தில் குளிர்பானப் புட்டி இல்லை. வயிறு நிறைந்ததை அறியவொட்டாமல் நாவை மயக்கும் பண்டங்கள் இன்றுள்ள அளவு இல்லை. இன்று வயிற்றை மட்டும் நம்பினால் போதுமா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. இனிப்பு நீர் வயிற்றை ஏமாற்றும் என்பது உண்மையாதலின், தட்டுப் படமும் எழுத்துக் குறியும் வேண்டியவையே. ஆயினும் அவை நடை பழகும் குழந்தைக்கு நடைவண்டி போன்றவை. குழந்தை நடந்தபின் வண்டி ஒதுங்க வேண்டும். உணவு விளையாட்டுக்கும் இஃதே உரைகல். தன் புள்ளிகளைச் சிறிது சிறிதாக மறைத்து, பிள்ளையைத் தன் பசியைத் தானே அளக்க விடுகிறதா? அவ்வாறு விடாத விளையாட்டு எத்துணை அழகுடையதாயினும் குறையுடையதே.

முறை கற்பிக்கும் வேறு பாடம்

தொடக்கத்தில் கூறிய இரண்டாம் கேள்விக்கு இனி வருவோம். நெதர்லாந்தில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 270 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. சிலர் தின்பண்ட விளம்பரம் கொண்ட விளையாட்டை ஆடினர். சிலர் பழங்களைப் பரப்பும் விளையாட்டை ஆடினர். வேறு சிலர் உணவே தோன்றாத விளையாட்டை ஆடினர். பின்னர் எல்லார்க்கும் இனிப்பும் பழமும் வைக்கப்பட்டன. உணவு தோன்றிய விளையாட்டை ஆடியவர், அது பழமாயினும் பண்டமாயினும், மிகுதியாக உண்டனர். மிகுந்தது பெரிதும் இனிப்புப் பண்டமே. பழ விளையாட்டை ஆடியவர் பழத்தை மிகுதியாக நாடவில்லை. பழத்தைக் காட்டியது விளையாட்டு. பிள்ளை கற்றதோ உண்ணும் வேட்கை.

2011 இல் வெளிவந்த மற்றொரு ஆய்வில், வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகள் 22 பேர் ஒருநாள் ஒரு மணி நேரம் விளையாட்டு ஆடியும், மற்றொரு நாள் வாளா அமர்ந்தும் இருந்தனர். ஆடிய நாளில், பசி மிகுந்ததாக உணராமலே, மிகுதியாக உண்டனர். பசியின் குரலைத் திரை அடக்கிவிடுகிறது என்பதற்கு இது சான்று. பசியறிந்து உண்ணக் கற்பிக்க வந்த கருவியே பசியை மறைக்குமாயின், அதனைப் பயன்படுத்தும் நேரமும் அளவும் பெரிதும் கருதத்தக்கன.

2025 சனவரியில் நம் சுகாதார அமைச்சு வெளியிட்ட திரைப் பயன்பாட்டு வழிகாட்டி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பணி நீங்கலாக நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குக் குறைவாகத் திரை இருக்கட்டும் என்கிறது. உணவு வேளையில் திரை வேண்டா என்றும் கூறுகிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய இனம் அன்றோ நாம், திரையைக் காட்டினால் என்ன என்று கேட்பார் உண்டு. வேறுபாடு பெரிது. நிலாவைக் காட்டிய தாய் குழந்தையின் முகத்தைப் பார்த்திருந்தாள். வாய் மூடினால் கை நின்றது. முகம் திருப்பினால் ஊட்டல் முடிந்தது. நிலா கவனத்தை ஈர்த்தது. தாயோ குழந்தையின் வயிற்றைக் கவனித்தாள். உணவு மேசைமேல் நிறுத்திய திரைக்கு அந்தக் கண் இல்லை. பல வீடுகளில் அதனை நிறுத்திய பெரியோரின் கண்ணும் அப்போது வேறு திரையில் இருக்கிறது.

புள்ளிப் பட்டியலின் தீங்கு

மற்றொரு படிப்பினை நம் பள்ளிகளிலேயே உண்டு. 1992 முதல் 2007 வரை ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்னும் திட்டம் நடைபெற்றது. உடல் எடை மிகுந்த மாணவர் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தனர். ‘டாஃப்’ என்ற அதன் சுருக்கப் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எள்ளினர். திட்டத்தின் நோக்கம் நன்று. ஆனால் பிரித்து வைத்த வரிசை பிள்ளைகளுக்கு நாணத்தைக் கற்பித்தது. பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான நலத் திட்டம் வந்தது.

முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர்ப் பட்டியல் இடும் உணவு விளையாட்டை வகுப்பிலே வைப்போமாயின், கைவிட்ட அவ்வரிசையை வேறு வாயிலால் மீண்டும் அழைத்தவராவோம். கடைசியில் நிற்கும் பிள்ளையின் வீட்டில் சமைப்பவர் யார், இரவுணவு உணவங்காடியிலா வீட்டிலா என்பன அப்பட்டியலில் தெரியா. பத்து வயதுப் பிள்ளை தன் உணவைத் தானே வாங்குவது பெரும்பாலும் பள்ளி உணவகத்தில் மட்டுமே. ஏனைய வேளைகளில் தாயோ பாட்டியோ பணிப்பெண்ணோ தருவதை உண்கிறது. அதிகாரம் இல்லாத இடத்தில் மதிப்பெண் இடுதல் நீதியன்று. இவ்வகையில், வீட்டில் கேட்கக் கற்பித்த ‘ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்’ ஏனையவற்றினும் உலகியல் அறிந்தது எனலாம்.

சிறுசோறும் செம்மலையும்

விளையாட்டால் உணவைக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று. மணலிலே சிற்றில் இழைத்துச் சிறுசோறு ஆக்கி விளையாடிய பிள்ளைகளைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அவ்வழியில் வந்தவையே சொப்பு விளையாட்டும் கூட்டாஞ்சோறும். அவற்றில் புள்ளி இல்லை. வென்றவர் தோற்றவர் இல்லை. சமைத்தலும் பகிர்தலுமே விளையாட்டு. கூட்டாஞ்சோற்றில் ஒரு பிள்ளை அரிசி கொண்டுவரும், ஒரு பிள்ளை பருப்பு கொண்டுவரும். முடிவில் உண்மையாகவே பசியாறுவர். ‘ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்’ திரையில் வைத்த சமையலறை இச்சிறுசோற்றின் அயல்நாட்டு உறவு. அவ்விளையாட்டின் சிறந்த பகுதியும், நம் கருத்தில், பகைவரோடு செய்யும் போர் அன்று, இச்சமையலறையே.

ஆகவே தமிழ் வகுப்புக்கென ஒரு விளையாட்டு அமைப்பாராயின், அல்லது உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்வாராயின், ஆசிரியர் சிலவற்றைக் கேட்டுப் பெறல் வேண்டும். உண்டதற்குப் புள்ளி தரலாகாது. அறிந்ததற்கும் ஆக்கியதற்கும் கேட்டதற்கும் தரலாம். உணவு நம் பிள்ளைகள் கண்ட உணவாக இருக்க வேண்டும். திரையில் பிரக்கோலியை வென்ற பிள்ளை, தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையையும் கோவைக்காயையும் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியாது நின்றால் மொழியும் போயிற்று, உணவும் போயிற்று. ரொட்டி பராட்டாவும் நாசி லெமாக்கும் பகைவராக வரலாகா. எந்நாள், எவ்வளவு என்ற கேள்விகளாக வரட்டும். காப்பிக் கடையில் ‘சியூ டாய்’ என்று சர்க்கரையைக் குறைத்துக் கேட்கவும், ‘கோசோங்’ என்று அறவே விலக்கிக் கேட்கவும் பழகிய பிள்ளை, பல கட்டங்களை வென்ற பிள்ளையினும் மிகுதியாகக் கற்றது.

கதைக்கும் நாம் கொடுநகரைத் தேடிப் போக வேண்டுவதில்லை. புக்கிட் மேரா என்றால் செம்மலை. கடற்கரையைத் தாக்கிய வாள்மீன்களை வாழைத்தண்டுகளை நட்டுத் தடுக்கலாம் என்று ஒரு சிறுவன் வழி சொன்னான், மீன்களின் கூர்மூக்குகள் தண்டுகளில் சிக்கின, ஊர் பிழைத்தது. அவன் அறிவைக் கண்டு அஞ்சிய மன்னன் அவனைக் கொல்வித்தான். அக்குருதியால் மலை சிவந்தது என்பது மலாய் வரலாற்றுக் கதை. வாழைத்தண்டு நம் சமையலறைப் பொருளும் ஆகும். ஊரைக் காத்த தண்டு உடலையும் காக்கும் என்று தொடங்கி, நாரெடுத்து நறுக்கும் முறை வரை ஒரு பாடத்தை இக்கதைமேல் எழுப்பலாம். பிள்ளை சொல்வதைப் பெரியோர் கேட்க வேண்டும் என்ற நீதியும் அதிலே உண்டு. வீட்டில் காய் கேட்கும் பிள்ளைக்கு அந்நீதி வேண்டியதே.

ஆசிரியர் செய்யத்தக்கது

விளையாட்டு வகுப்பில் கால் மணி நேரம் போதும். உணவு வேளையில் அறவே வேண்டா. ஆட்டம் முடிந்தபின் திரையை மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தமிழில் பேசச் செய்க. இன்று காலை என்ன உண்டாய், எப்போது பசித்தது, போதும் என்று எப்படி அறிந்தாய் என்னும் மூன்று வினாக்கள் அமையும். முதல் வினாவுக்கு எல்லாரும் விடை கூறுவர். மூன்றாம் வினாவுக்குப் பலரும் சற்றே திகைப்பர். அத்திகைப்பிலிருந்து மருந்து அதிகாரத்துக்குச் செல்லுதல் எளிது. மனப்பாடப் பகுதியாக மட்டும் இருந்த குறட்பாக்கள் அன்று பிள்ளையின் சொந்தச் செய்தியாகும். பெற்றோரைச் சந்திக்கும் நாளில் அவ்விடைகளை ஆசிரியர் அவர்களோடும் பேசலாம். சமைப்பவர்க்கு எட்டாத பாடம் பிள்ளையின் தட்டுக்கும் எட்டாது.

புள்ளிகள் தீங்கானவை என்று நாம் கூறவில்லை. யானைக் குட்டிகளின் விளையாட்டில் அவையே நன்மை செய்தன. பிள்ளையின் உடலோடு பொருந்தாத புள்ளியும், எந்நாளும் ஒதுங்கி வழிவிடாத புள்ளியுமே விலக்கத்தக்கன. அடுத்த முறை ஓர் உணவு விளையாட்டு வகுப்பறைக்கு வரும்போது, அதன் வண்ணத்தையும் கதையையும் பார்க்குமுன், அது எதற்குப் பரிசு தருகிறது என்று தமிழாசிரியர் முதலில் கேட்பாராக.